தன் அலையில் சிக்கும் படகு

ஸ்வீடனின் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குக் கிழக்கே, பால்டிக் கடலில் சிறிதும் பெரிதுமாக ஏறத்தாழ 30,000 தீவுகளும் பாறைத்திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. கோடை பிறந்ததும் ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு படகேறி, தீவு தீவாகப் போய்த் தங்கிவிட்டு வருவார்கள். நான்கு பேர் படுக்க இடம், ஒரு சின்ன அடுப்பு, ஒரு கழிப்பறை, மழைக்கு ஒதுங்கக் கூரை. ஏழெட்டு மீட்டர் நீளத்துக்குள் இவ்வளவையும் அடக்கிய கேபின் குரூசர் படகுகள்தான் அங்கே அதிகம்.

அவற்றில் இன்றும் அடிக்கடி கண்ணில் படுவது ஆல்பின் 25. பெர் ப்ரோஹேல் என்ற வடிவமைப்பாளர் வரைந்தது. 1960களின் இறுதியில் வந்து, எழுபதுகளில் நன்றாக விற்றது. நீளம் 7.6 மீட்டர், அகலம் 2.6 மீட்டர். முன்னால் ஓர் அறை, பின்னால் ஓர் அறை, நடுவில் சுக்கான் பிடிக்கும் இடம். தொடக்க காலப் படகுகளில் பொருத்திய டீசல் எஞ்சினின் திறன் ஒரு புல்லட் பைக்கின் திறன் அளவுக்குத்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இரண்டரை டன் எடையும் ஒரு குடும்பமும் கடலில் போய்வந்தன.

அந்தப் படகுக்குப் பக்கத்திலேயே அதே நீளமுள்ள இன்னொரு படகு கட்டப்பட்டிருக்கும். பின்புறத்தில் 200 குதிரைத்திறன் பெட்ரோல் அவுட்போர்டு எஞ்சின் தொங்கும். இரண்டிலும் ஆட்கள் நான்கு பேர், சாமானும் ஏறக்குறைய ஒன்றே, போய்ச் சேரும் தீவும் ஒன்றே. ஆனால் ஆல்பின் நிதானமாகப் போய், மற்றது பாய்ந்து போனால், ஒரே தூரத்துக்கு இரண்டாவது படகு பத்து மடங்கு எரிபொருளைக் குடித்திருக்கும். பெட்ரோல், டீசல் வித்தியாசத்தால் மட்டும் இவ்வளவு இடைவெளி வராது. எஞ்சின் பழையதா புதியதா என்பதும் இங்கே சிறிய விஷயம். படகு தான் எழுப்பும் அலையோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் எந்தப் படகும் அணியத்தில் (முன்முனையில்) ஓர் அலையை எழுப்பும். அந்த அலை படகின் வேகத்திலேயே கூடவே வரும். கடல் அலைகளுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. ஆழமான நீரில் ஓர் அலையின் வேகத்தை அதன் நீளம்தான் தீர்மானிக்கிறது. நீள அலை வேகமாக ஓடும், குட்டை அலை மெதுவாக ஓடும். ஆகவே படகின் வேகம் என்னவோ, அந்த வேகத்துக்கு உரிய நீளமுள்ள அலைதான் அதோடு வர முடியும். 4 நாட் வேகத்தில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 2.7 மீட்டர். 5 நாட் வேகத்தில் 4.2 மீட்டர். 6.4 நாட் வேகத்தில் 7 மீட்டர். 8 நாட் வேகத்தில் 11 மீட்டர். (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.)

இப்போது தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி 7 மீட்டர் நீளமுள்ள ஒரு படகை எடுத்துக்கொள்வோம். 4 நாட் வேகத்தில் அதன் விலாவை ஒட்டி இரண்டரை அலைகள் அடங்கும். படகு ஏறக்குறையச் சமமாக மிதக்கும். வேகம் கூடக் கூட அலை நீண்டுகொண்டே போகும். 6.4 நாட் வரும்போது முன்னால் ஒரு முகடு, பின்னால் ஒரு முகடு, நடுவில் பள்ளம் என்று படகின் நீளமும் அலையின் நீளமும் ஒன்றாகிவிடும். அதற்கு மேலும் விசையைத் திருகினால் பின்முகடு படகை விட்டுப் பின்னால் நழுவும். தாங்கிப் பிடிக்க நீரில்லாமல் அமரம் (பின்முனை) பள்ளத்தில் இறங்கும். அணியம் மேலே எழும். அந்த நிமிடத்திலிருந்து படகு தானே உண்டாக்கிய மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. எத்தனை நேரம் ஏறினாலும் உச்சி வராது, ஏனென்றால் மேடும் கூடவே நகர்கிறது.

படகுக்காரர்கள் இந்த எல்லையை ஒரு சிறிய சூத்திரமாக வைத்திருக்கிறார்கள்: நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது தண்ணீரைத் தொடும் பகுதியின் நீளத்தை, மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் எல்லை வேகம். 7 மீட்டருக்கு 6.4 நாட். 10 மீட்டருக்கு 7.7 நாட். இது இயற்கை போட்ட சுவர் அன்று, தாண்டலாம். ஆனால் நெருங்க நெருங்க ஒவ்வொரு கால் நாட் வேகத்துக்கும் கேட்கும் விலை ஏறிக்கொண்டே போகும்.

இந்த உண்மை முதலில் துலங்கியது எரிபொருளால் ஓடும் படகில் அல்ல, குதிரை இழுத்த படகில். 1830 வாக்கில் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ - ஆர்ட்ரோசன் கால்வாயில் வில்லியம் ஹூஸ்டன் என்பவருடைய படகைக் குதிரை ஒன்று கரையோரமாக இழுத்துக்கொண்டு போனது. திடீரென அது மிரண்டு தலைதெறிக்க ஓடியது. படகு தாறுமாறாக அலைமோதும் என்று எதிர்பார்த்த இடத்தில் வேறொன்று நடந்தது: பின்னால் கரையை அரித்துக்கொண்டு வந்த அலை அடங்கிப்போயிற்று, படகு அமைதியான நீரில் இலகுவாக ஓடத் தொடங்கியது. கால்வாய் ஆழமில்லாதது. ஆழம் குறைந்த நீரில் அலை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓடவே முடியாது. 1 மீட்டர் ஆழத்தில் அந்த வரம்பு மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். குதிரை மிரண்ட ஓட்டத்தில் படகு தன் அலையை முந்திவிட்டது. ஹூஸ்டன் இதன் பயனை உடனே புரிந்துகொண்டார். அந்தக் கால்வாயில் பயணிகளை ஏற்றிக்கொண்டு குதிரைகள் இழுக்க விரையும் படகுகள் ஓடத் தொடங்கின.

இந்தக் கதையை எழுதி வைத்தவர் பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல். 1834இல் எடின்பரோவுக்கு அருகே யூனியன் கால்வாயில் அவரே ஒரு படகைக் கவனித்துக்கொண்டிருந்தபோது, படகு சட்டென்று நின்றது. அது தள்ளிக்கொண்டு வந்த நீர்க்குவியல் மட்டும் நிற்காமல் தனி அலையாக முன்னே உருண்டோடியது. ரஸ்ஸல் குதிரையில் ஏறி அதைத் துரத்திக்கொண்டு ஒன்றிரண்டு மைல் போனார். இன்று ஒளியிழைத் தொடர்பு வரை பேசப்படும் 'சொலிட்டான்' அலையின் முதல் பதிவு அது. படகின் செலவுக்கணக்கைப் பார்க்கப் போன மனிதருக்குக் கிடைத்த பரிசு.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட். 1867இல் இங்கிலாந்தின் டார்ட் நதியில் 'ஸ்வான்', 'ரேவன்' என்று பெயரிட்ட இரண்டு வடிவங்களை, ஒவ்வொன்றையும் 3, 6, 12 அடி என மூன்று அளவுகளில் செய்து இழுத்துப் பார்த்தார். ஒன்று மழுங்கிய முனை, மற்றது கூர்முனை. கூர்மையானதே எப்போதும் சிறந்தது என்று அன்றைய கப்பல் கட்டுநர்கள் நம்பினார்கள். எது சிறந்தது என்பது வேகத்தைப் பொறுத்தது என்று ஃப்ரூட் காட்டினார். அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு: வேகத்தை நீளத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் எண் ஒரே வடிவமும் வெவ்வேறு அளவும் கொண்ட இரண்டு படகுகளுக்கு ஒன்றாக இருந்தால், அவை எழுப்பும் அலைக்கோலமும் ஒன்றாகவே இருக்கும். 3 அடி பொம்மைக்கும் 300 அடிக் கப்பலுக்கும் பொதுவான விதி. பிரிட்டிஷ் கடற்படை 2,000 பவுண்டு கொடுக்க, டார்கீ நகரில் தம் வீட்டருகே ஒரு நீளத் தொட்டியைக் கட்டி, மெழுகில் வார்த்த மாதிரிகளை இழுத்து அளந்தார். 'கிரேஹவுண்ட்' என்ற உண்மையான போர்க்கப்பலை இன்னொரு கப்பலால் இழுக்கவைத்து, தொட்டிக் கணக்கு சரிதான் என்று நிறுவியும் காட்டினார். இன்று உலகில் எந்தக் கப்பலும் படகும் அவர் வகுத்த எண்ணைத் தொடாமல் வரைபலகையை விட்டு இறங்குவதில்லை.

இனி லிட்டர் கணக்குக்கு வருவோம். இரண்டரை டன் எடை, 7 மீட்டர் நீர்க்கோடு. இந்த வகைப் படகு 5 நாட் வேகத்தில் போகும்போது நீர் தரும் தடை அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கும் குறைவு. புரொப்பெல்லரில் பாதி வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலும் எஞ்சின் தர வேண்டியது 2.3 கிலோவாட், அதாவது மூன்று குதிரைத்திறன். டீசலில் மணிக்கு முக்கால் லிட்டர். அதே படகை 6.4 நாட் எல்லைக்குக் கொண்டுபோனால் தடை எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கை எட்டும். எஞ்சின் 8 கிலோவாட் தர வேண்டும். டீசல் மணிக்கு 2.4 லிட்டர். 10 கடல் மைல் தொலைவிலுள்ள தீவுக்கு முதல் முறையில் 2 மணி நேரம், ஒன்றரை லிட்டர். இரண்டாம் முறையில் 1 மணி 34 நிமிடம், ஏறக்குறைய 3.7 லிட்டர். 26 நிமிடம் மிச்சம் பிடிக்க எரிபொருள் இரண்டரை மடங்கு.

இன்னும் வேகம் வேண்டுமென்றால் அலையை விட்டே மேலே வர வேண்டும். அடிப்பாகம் தட்டையாக, பின்புறம் அகலமாக உள்ள படகைப் போதுமான விசையோடு உந்தினால், நீர் அதை அடியிலிருந்து தூக்கத் தொடங்கும். படகு நீரை விலக்குவதை விட்டுவிட்டு நீர்ப்பரப்பின்மேல் சறுக்கும். சறுக்கும் படகின் தடை எடையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது பங்கு. ஆச்சரியம் என்னவென்றால் சறுக்கத் தொடங்கியபின் வேகம் கூடினாலும் இந்தப் பங்கு பெரிதாக ஏறுவதில்லை. ஆனால் தொடக்கமே நிதானப் படகின் தடையைப் போலப் பத்து மடங்கு. அதே இரண்டரை டன்னை 20 நாட் வேகத்தில் சறுக்க 110 குதிரைத்திறன் வேண்டும். பெட்ரோல் அவுட்போர்டு என்றால் மணிக்கு 33 லிட்டர். பத்து மைல் தீவுக்கு அரை மணி நேரம், பதினாறரை லிட்டர்.

நமக்குப் பழக்கமான மைலேஜ் கணக்கில் சொன்னால்: 5 நாட் வேகத்தில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர், 6.4இல் 5 கிலோமீட்டர், 20இல் 1.1 கிலோமீட்டர். இவை வழக்கமான தடை விகிதங்களை வைத்துப் போட்ட கணக்கு. படகுக்குப் படகு முன்பின் இருக்கும். விகிதாசாரம் பெரிதாக மாறாது.

இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே உள்ள 8 முதல் 12 நாட் வரையான பகுதிதான் உண்மையான பொறி. படகு தன் அலையின் மேட்டில் பாதி ஏறி நிற்கும். அணியம் வானத்தைப் பார்க்கும், ஓட்டுபவருக்கு முன்னால் கடல் தெரியாது, பின்னால் பெரிய நீர்ச்சுவர் எழும்பிக் கரையிலுள்ள தோணிகளை ஆட்டிவைக்கும். சறுக்குப் படகுகள் பலவற்றில் இங்கே ஒரு மைலுக்குச் செலவாகும் எரிபொருள், அதைப்போல இரட்டை வேகத்தில் செலவாவதை விடவும் கூடுதல். 'கொஞ்சம் மெதுவாகப் போனால் மிச்சமாகும்' என்று நினைத்து 20இலிருந்து 11க்குக் குறைப்பவர் பணத்தையும் நேரத்தையும் சேர்த்து இழக்கிறார். ஒன்று முழுக்கச் சறுக்க வேண்டும், அல்லது எல்லை வேகத்துக்குக் கீழே இறங்கி வர வேண்டும். அமரத்தின் இரு ஓரங்களிலும் பொருத்தும் சிறிய தகடுகளை லேசாகக் கீழிறக்கினால் பின்புறம் தூக்கப்பட்டு மேட்டைக் கடப்பது எளிதாகும். கடந்தபின் அவற்றை மேலே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அவையே தடையாகிவிடும்.

இத்தனை செலவிருந்தும் சறுக்கு கேபின் குரூசர்கள் உலகெங்கும் பரவியதற்கு 1960ஆம் ஆண்டின் மியாமி - நசாவ் படகுப் பந்தயம் ஒரு பெரிய காரணம். அன்று கடல் கொந்தளிப்பு. தட்டையான அடியுள்ள படகுகள் அலைக்கு அலை அறைபட்டுத் திணறின. ரேமண்ட் ஹன்ட் வரைந்த, அமரம் வரை ஆழமான 'வி' வடிவம் நீண்ட 'மாப்பி' என்ற ரிச்சர்ட் பெர்ட்ராமின் படகு வென்றது. அந்த வடிவம் பெர்ட்ராம் 31 என்று விற்பனைக்கு வந்து, பிறகு வந்த கடல் உலாப் படகுகள் பெரும்பாலானவற்றின் தாய் ஆயிற்று. ஆழமான வி அலையை மெத்தென்று வெட்டும், முதுகெலும்பைக் காக்கும். ஆனால் தட்டையான அடியைவிடக் குறைவான தூக்குவிசைதான் தரும். ஆகவே அதே எடையைச் சறுக்கவைக்கக் கூடுதல் திறன் கேட்கும். அந்தப் படகு பிறந்தது திறந்த கடலின் பெரும் அலைக்காக. அதையே தீவுகள் மறைத்த அமைதியான நீர்ப்பரப்பிலும் ஏரியிலும் ஓட்டுபவர், தனக்குத் தேவையில்லாத ஒன்றுக்கு ஒவ்வொரு மைலும் காசு கொடுக்கிறார். இது என் கருத்து. படகுகளைத் தேர்ந்தெடுக்கும் முறையில் பெரிய தவறு இங்கேதான் நடக்கிறது.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். டீசலில் மணிக்கு ஒரு லிட்டர் எரித்தால் ஏறத்தாழ 5 குதிரைத்திறன் கிடைக்கும், பெட்ரோலில் 3. கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் ஊற்றிய பெட்ரோலில் கால் பங்குக்கும் மேல் எரிக்காமலேயே நீரில் துப்பின. அவற்றை மாற்றியதே ஒரு பெரிய மிச்சம், நீர்நிலைகளுக்கும் பெரிய விடுதலை. ஆனால் 200 குதிரைத்திறன் எஞ்சினை மூன்று குதிரைத்திறனுக்கு ஓட்டினால் அது தன்னையே சுற்றிக்கொள்ளும் செலவில் மணிக்கு மூன்று நான்கு லிட்டர் குடிக்கும். சறுக்குப் படகை மெதுவாக ஓட்டினாலும் ஆல்பின் போன்ற படகின் சிக்கனம் வராததற்கு இது ஒரு காரணம். புரொப்பெல்லரிலும் இதே கதை: விட்டம் பெரிதாக, சுழற்சி மெதுவாக இருந்தால் அதிகப் பயன். அதிவேகமாகச் சுழலும் சிறிய புரொப்பெல்லர் நீரைக் கலக்குவதிலேயே விசையை விடுகிறது.

அடிப்பாகத்தின் சுத்தம் இதைவிடக் கவனம் கேட்கும் விஷயம். நிதானமாகப் போகும் படகில் தடையின் பெரும்பங்கு அலையால் வருவதன்று. நீரும் படகின் தோலும் உரசுவதால் வருவது. படகை நீரில் இறக்கிய சில நாட்களிலேயே கையால் தொட்டால் வழுக்கும் ஒரு மெல்லிய பாசிப்படலம் படியும். பால்டிக் கடலில் கோடை நடுவில், கண்ணுக்குத் தெரியாத கொட்டலசுக் குஞ்சுகள் நீந்தி வந்து அந்தப் பரப்பைத் தடவிப் பார்த்து, இடம் பிடித்ததும் தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். தம் பசையைச் சுரந்து, தம்மைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொண்டு, பிறகு அங்கிருந்து அசையவே அசையா. சில வாரங்களில் அரிசி அளவு, பருவம் முடிவதற்குள் சட்டைப் பொத்தான் அளவு. ஓட்டை நெம்பி எடுத்தாலும் வெள்ளை வளையமாக அதன் அடித்தட்டு படகிலேயே தங்கிவிடும். அமெரிக்கக் கடற்படைக் கழகத்தின் மைக்கேல் ஷுல்ட்ஸ் 2007இல் ஒரு ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பலுக்குக் கணக்கிட்டுச் சொன்னது: ஓட்டுயிரிகள் கனமாகப் படிந்தால், அதே பயண வேகத்துக்கு 86 சதவீதம் வரை கூடுதல் திறன் தேவைப்படும். சிறிய படகுக்கு எண் வேறாகலாம், திசை அதுதான். சறுக்குப் படகில் அடி அழுக்கானால் சில சமயம் அது சறுக்கும் நிலைக்கே வர மறுக்கும்.

இதற்கு மருந்தாக வந்த நச்சு வண்ணப்பூச்சுகளின் வரலாறு கசப்பானது. டிரைபியூட்டைல் டின் என்ற சேர்மம் கலந்த பூச்சு கொட்டலசுகளை அறவே அண்டவிடவில்லை. கூடவே பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பிகள் ஓடு தடித்து உருக்குலைந்தன, குஞ்சு பொரிப்பது நின்றது. 1982இல் பிரான்ஸ் 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அதைத் தடை செய்தது. உலகளாவிய தடை 2008இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இன்று ஸ்வீடனில் பல துறைகளில் கார் கழுவுவதுபோலப் படகின் அடியைச் சுழல் தூரிகையால் தேய்த்துவிடும் நிலையங்கள் இருக்கின்றன. கொட்டலசு ஓடு கெட்டிப்படும் முன்பே கோடையில் ஓரிரு முறை தேய்த்துவிட்டால் நஞ்சும் வேண்டாம், எரிபொருளும் மிஞ்சும். கைவசமுள்ள வழிகளில் இதைவிட நேர்மையானதை நான் அறியேன்.

எடை, நீளம் இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை. சறுக்குப் படகில் தடை எடையோடு நேராக ஏறும். தேவையில்லாமல் நிரப்பி வைத்த 100 லிட்டர் தண்ணீர் ஒவ்வொரு மைலும் கணக்கில் வரும். நிதானப் படகில் எடையைவிட நீளம்தான் பெரிய வரம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. ஜி. பெட்டர்சன் ஸ்டாக்ஹோம் தீவுகளுக்கென்று வரைந்த படகுகள் ஒல்லியாக நீண்டவை. அன்று கிடைத்த எஞ்சின்கள் பலவீனமானவை. அதனால் வடிவம் புத்திசாலித்தனமாக இருந்தே ஆகவேண்டியிருந்தது. மலிவான பெட்ரோலும் பெரிய எஞ்சினும் வந்தபின் அந்தக் கட்டாயம் போயிற்று. துறைமுகங்களில் கட்டணம் நீளத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். ஆகவே வாங்குபவர் குட்டையான படகுக்குள் அதிக அறை கேட்கிறார். படகு உயர்ந்தது, பருத்தது, கனத்தது. நீளம் மட்டும் வளரவில்லை. கட்டணத்தில் மிஞ்சியது எரிபொருளில் போகிறது.

நீரின் ஆழமும் கணக்கில் உண்டு. தீவுகளிலிருந்து மேற்கே போக விரும்புவோர் நுழையும் யோத்தா கால்வாய் 1832இல் திறந்தது. 190 கிலோமீட்டர், 58 மதகுகள். அங்கே உச்ச வேகம் 5 நாட். கரை அரிப்பைத் தடுக்கப் போட்ட வரம்பு அது. ஆனால் ஒடுங்கிய ஆழமற்ற கால்வாயில் படகு விலக்கிய நீர் இரு பக்கமும் அடியிலும் நெருக்கிக்கொண்டு பின்னோக்கி ஓடுவதால், அதே வேகத்துக்குத் திறந்த கடலைவிடக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அங்கே வரம்புக்கும் சற்றுக் கீழே போவதே கரைக்கும் பைக்கும் நல்லது.

அலைத்தொல்லையிலிருந்து விடுபட இன்னொரு வழியும் இப்போது அதே ஸ்டாக்ஹோமில் கண்ணெதிரே ஓடுகிறது. கேண்டெலா என்ற நிறுவனத்தின் சி-8 மின்படகு, நீருக்கடியில் உள்ள சிறகுகளால் உடல் முழுவதையும் நீருக்கு மேலே தூக்கிக்கொண்டு பறக்கிறது. அதன் மின்கலம் 69 கிலோவாட்-மணி. நிறுவனம் சொல்லும் தூரம் 22 நாட் வேகத்தில் 57 கடல் மைல். வகுத்தால் ஒரு மைலுக்கு 1.2 கிலோவாட்-மணி. நாம் பார்த்த சறுக்குப் படகின் எஞ்சின் 20 நாட் வேகத்தில் ஒரு மைலுக்குத் தருவது நான்கு கிலோவாட்-மணிக்கும் மேல். பெரிய முன்னேற்றம், மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் நம் பழைய இரண்டரை டன் படகு 5 நாட் வேகத்தில் ஒரு மைலுக்கு எஞ்சினிடம் கேட்பது 0.46 கிலோவாட்-மணி. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வடிவம், நிதானமாகப் போனால், இன்றைய சிறகுப் படகைவிடவும் சிக்கனம். மின்படகுக்கு மாறுவதைப் பற்றி யோசிப்போர் இந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும்: மெதுவாகப் போகும் படகுக்குச் சிறிய மின்கலமே போதும்.

இந்த அறிவு பணக்காரர்களின் கோடை உலாவோடு நின்றுவிடுவதும் இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, ஸ்வீடன் அரசின் நிதியுதவியோடு 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடா மீன்வளத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்காக நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விண்ட் குல்பிரான்ட்சென், சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவைக் குறைப்பது பற்றி எழுதிய கையேடு 1986இல் சென்னையிலிருந்தே வெளிவந்தது. நீர்க்கோட்டு நீளத்துக்கு ஏற்ற வேகம், பெரிதாக மெதுவாகச் சுழலும் புரொப்பெல்லர், சுத்தமான அடிப்பாகம். மேலே சொன்ன அதே பாடம்தான், உலாப் போவோருக்குப் பதிலாகக் கரையில் உலைவைக்கக் காத்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது. ஃப்ரூட்டின் விதி மீனவரையும் சுற்றுலாப் பயணியையும் வேறுபடுத்துவதில்லை.

படகு வாங்கப் போனாலும் வாடகைக்கு எடுத்தாலும், விற்பனையாளரிடம் குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு வேகத்திலும் ஒரு மைலுக்கு எத்தனை லிட்டர் என்ற அட்டவணையைக் கேளுங்கள். சில எஞ்சின் நிறுவனங்கள் படகுவாரியாக அளந்து வெளியிடுகின்றன. கிடைக்காவிட்டால் நீங்களே எடுக்கலாம்: காற்றில்லாத நாளில், எஞ்சின் திரை காட்டும் 'மணிக்கு லிட்டர்' எண்ணை ஜி.பி.எஸ். காட்டும் வேகத்தால் வகுக்க வேண்டும். நீரோட்டம் ஏமாற்றாமலிருக்க அதே பாதையில் திரும்பி வந்தும் அளந்து சராசரி எடுங்கள். எரிபொருள் தொட்டியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு என்ற பழைய வழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். எந்தக் கருவியும் இல்லையென்றால் நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்குங்கள். 7 மீட்டர் படகுக்கு 5.3 நாட், 9 மீட்டர் படகுக்கு 6 நாட். அந்த வேகத்தில் ஓட்டுங்கள்.